கூலூம் விதி: வரலாறும் புதுச்சேரியின் காலப் பின்னணியும்

கூலூம் விதி என்பது ஓய்வில் உள்ள இரண்டு சிறிய மின்னூட்டங்களுக்கு இடையே செயல்படும் விசையைக் கூறும் நிலைமின்னியல் விதியாகும். அவ்விசை இரு மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், அவற்றுக்கு இடையேயுள்ள தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் அமையும். பிரெஞ்சுப் படைப் பொறியாளரான சார்ல் ஒகுஸ்தென் தெ கூலூம் (1736–1806) 1785 முதல் பாரிசு அறிவியல் கழகத்தில் அளித்த ஆய்வுரைகளின் வழியாக இவ்விதி நிலைபெற்றது. தமிழில் இவர் பெயர் கூலும், கூலோம் என்றும் எழுதப்படுகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ‘மின்னூட்டம்’ எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் ‘மின்னேற்றம்’ எனப்படும்.

பாடநூலில் இவ்விதி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அது உருவான வரலாறு அத்தனை எளிதன்று. விதி முதலில் ஊகமாகவே பிறந்தது. கூலூம் அதற்கு ஆதாரமாக வெளியிட்ட அளவீடுகள் மிகச் சில. அளவீட்டுக்குப் பெரும் இடையூறாக இருந்தது காற்றின் ஈரம். கடலோர ஊரான புதுச்சேரியின் பள்ளி ஆய்வகங்களில் நிலைமின்னியல் சோதனை செய்து காட்ட முயலும் எவரும் சந்திப்பது அதே இடையூறுதான்.

கூலூம் புதுச்சேரிக்கு வந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய பணிவாழ்வின் தொடக்கமும், 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் அழிவும் மீட்பும் ஒரே போரையும் ஒரே உடன்படிக்கையையும் சார்ந்தவை.

விதி கூறுவது

விதியைப் பின்வருமாறு எழுதலாம்:

விசை = மாறிலி × (முதல் மின்னூட்டம் × இரண்டாம் மின்னூட்டம்) ÷ (தொலைவு × தொலைவு)

மின்னூட்டங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவையாயின் விலக்கு விசையும், வேறு வகையாயின் கவர்ச்சி விசையும் உண்டாகும். ஒரு மின்னூட்டத்தை இரட்டித்தால் விசை இரு மடங்காகும்; இரண்டையும் இரட்டித்தால் நான்கு மடங்காகும். தொலைவை இரட்டித்தால் விசை கால் பங்காகக் குறையும். மும்மடங்காக்கினால் ஒன்பதில் ஒரு பங்காகும்.

மின்னூட்டத்தைக் கூலூம் என்னும் அலகிலும், தொலைவை மீட்டரிலும், விசையை நியூட்டனிலும் அளந்தால் மாறிலியின் மதிப்பு வெற்றிடத்தில் சுமார் 9 × 10⁹ ஆகும். காற்றில் இது ஏறத்தாழ மாறுவதில்லை. இந்த எண்ணின் அளவை உணர ஓர் எடுத்துக்காட்டு உதவும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே ஒரு கூலூம் மின்னூட்டமும், அங்கிருந்து 1 கி.மீ. தள்ளி இன்னொரு கூலூம் மின்னூட்டமும் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுக்கு இடையேயான விசை 9,000 நியூட்டன். இது 900 கிலோகிராமுக்கும் மேற்பட்ட பொருளின் எடைக்குச் சமம். சீப்பைத் தலைமுடியில் தேய்த்து நாம் பெறும் மின்னூட்டம் இதனுடன் ஒப்பிட மிக மிகச் சிறியது.

இரண்டு பொருள்களும் அவற்றின் இடைத்தொலைவை நோக்க மிகச் சிறியவையாக இருக்கும்போதே விதியை இவ்வடிவில் நேரடியாகப் பயன்படுத்தலாம். பெரிய பொருள்கள் நெருங்கி வரும்போது அவற்றின் மேல் மின்னூட்டம் இடம் மாறிப் பரவுவதால் கணக்கு வேறுபடும். இந்த நிபந்தனையை மறந்ததால் பின்னாளில் விதியின் மீதே ஐயம் எழுந்தது.

ஒரே உடன்படிக்கை, இரண்டு ஊர்கள்

1756இல் தொடங்கிய ஏழாண்டுப் போரில் பிரான்சும் இங்கிலாந்தும் ஐரோப்பாவில் மட்டுமன்றி இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மோதிக்கொண்டன. 1761 சனவரி 16ஆம் நாள், நீண்ட முற்றுகைக்குப் பிறகு, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையும் பெரிய கட்டடங்களும் தகர்க்கப்பட்டன. இன்றைய பாரதி பூங்காவும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் அக்கோட்டை நின்ற இடமாகும். அடுத்த ஆண்டு, 1762இல், கரிபியக் கடலில் பிரான்சின் வசமிருந்த மார்த்தினிக் தீவும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை இவ்விரண்டு இடங்களையும் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. புதுச்சேரியை 1765இல் பொறுப்பேற்ற ஆளுநர் லா தெ லொரிஸ்தோன், இடிபாடுகளின் மேல் ஊரை மீண்டும் எழுப்பும் பணியைத் தொடங்கினார். மார்த்தினிக்கிலோ மீண்டும் பறிபோகாதபடி ஒரு வலுவான கோட்டை கட்டத் திட்டமிட்டனர். அந்தப் பணிக்கு 1764இல் அனுப்பப்பட்ட இளம் பொறியாளர்தான் கூலூம்.

அங்குலேம் நகரில் 1736 சூன் 14ஆம் நாள் பிறந்த அவர், மெசியேர் படைப் பொறியியல் பள்ளியில் 1761இல் படிப்பை முடித்தவர். மார்த்தினிக்கில் புர்போன் கோட்டையைக் கட்டுவதில் 1772 வரை எட்டாண்டுகள் கழித்தார். வெப்பமண்டல நோய்களால் அவர் உடல்நலம் நிலையாகக் கெட்டது. ஆனால் மண்ணின் அழுத்தம், சுவரின் உறுதி, உராய்வு ஆகியவற்றைக் கணக்கிட்டும் அளந்தும் பார்க்கும் பழக்கம் அங்கேதான் முதிர்ந்தது. நாடு திரும்பிய பின் 1773இல் கட்டடப் பொறியியல் குறித்து அவர் அளித்த ஆய்வுரை அந்த அனுபவத்தின் பயனாகும்.

வானத்தில் இருமடி எதிர்த்தகவு

மின்விசையைப் பற்றிய ஊகங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது நியூட்டனின் ஈர்ப்பு விதி. 1687இல் வெளிவந்த அவ்விதியும் விசை தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்றே கூறுகிறது. கோள்களின் இயக்கம் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் கோள்களின் தொலைவுகளுக்கு இடையேயான விகிதங்கள் தெரிந்திருந்தனவே தவிர, சூரியன் எத்தனை கல் தொலைவில் உள்ளது என்பது துல்லியமாகத் தெரியவில்லை. வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும் நிகழ்வை உலகின் பல இடங்களிலிருந்து அளந்து அதைக் கணக்கிட வானியலாளர் முயன்றனர்.

அதற்காகப் பாரிசு அறிவியல் கழகம் புதுச்சேரிக்கு அனுப்பியவர் கியோம் லெ ஜென்தி. 1761 சூன் 6ஆம் நாள் நிகழ்வைக் காணப் புறப்பட்ட அவருக்கு, கப்பல் இந்தியக் கரையை நெருங்கியபோது புதுச்சேரி வீழ்ந்த செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது, குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து பயனுள்ள அளவீடு எடுக்க இயலவில்லை. அடுத்த நிகழ்வுக்காகக் காத்திருந்து 1768 மார்ச்சில் புதுச்சேரியை அடைந்தார். இடிந்த கோட்டையின் எச்சங்கள் மீது அவருக்கு ஆய்வகம் அமைத்துத் தரப்பட்டது. 1769 சூன் 4ஆம் நாள் காலை, நிகழ்வு நடக்கும் வேளையில், மேகம் சூரியனை மறைத்துவிட்டது.

ஆயினும் அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. உள்ளூர்த் தமிழர் ஒருவர் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு, 1765 ஆகத்து 30இன் சந்திர கிரகணத்தை முக்கால் மணி நேரத்தில் கணக்கிட்டுக் காட்டியதை அவர் பதிவு செய்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் அக்கணக்கின் பிழை 41 நொடிகள். அன்றைய சிறந்த ஐரோப்பிய அட்டவணையான தோபியாசு மாயரின் அட்டவணை தந்த பிழை 68 நொடிகள். பின்னாளில், 1781இல், கூலூம் அறிவியல் கழக உறுப்பினரானபோது லெ ஜென்தியும் அதே கழகத்தில் இருந்தார்.

வானில் எடுக்கும் அளவீடு மேகத்துக்குக் காத்திருக்க வேண்டும். மின்விசையையோ ஒரு மேசையின் மேல் அளந்துவிடலாம் எனத் தோன்றியது. நடைமுறையில் அதற்கும் வானிலை குறுக்கிட்டது.

கூலூமுக்கு முந்தைய ஊகங்கள்

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு புதுமையைக் கவனித்தார். மின்னூட்டிய வெள்ளிக் குவளைக்குள் பட்டு நூலில் கட்டிய தக்கை உருண்டையை இறக்கினால், உட்சுவர் அதைக் கவர்வதில்லை. வெளிப்பக்கத்திலோ கவர்ச்சி நன்றாகவே இருந்தது. காரணம் அவருக்குப் புலப்படவில்லை. இதைத் திரும்பச் செய்து பார்க்குமாறு தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லியைக் கேட்டுக்கொண்டார்.

பிரீஸ்ட்லி 1766 டிசம்பரில் அச்சோதனையைச் செய்து உறுதிப்படுத்தினார். 1767இல் வெளியிட்ட மின்னியல் வரலாற்று நூலில் அவர் ஒரு முடிவைச் சுட்டினார். உள்ளீடற்ற கோள ஓட்டின் உள்ளே வைத்த பொருளின் மீது அந்த ஓட்டின் ஈர்ப்பு விசை சுழியாகும் என நியூட்டன் நிறுவியிருந்தார். ஓட்டின் அருகிலுள்ள சிறு பகுதி வலுவாக இழுக்கும். எதிர்ப்புறம் தொலைவிலுள்ள பெரும்பகுதி மெலிதாக இழுக்கும். இருமடி எதிர்த்தகவு விதியில் இவ்விரண்டும் சரியாக ஈடாகிவிடும். ஆகவே குவளைக்குள் மின்விசை இல்லை என்றால், மின்விசையும் அதே விதியைப் பின்பற்றக்கூடும் என்றார் பிரீஸ்ட்லி. குவளை முழுக்கோளம் அன்று என்பதால் இது நிறைவான நிறுவல் ஆகாது. ஆனால் திசையைச் சரியாகக் காட்டியது.

நியூட்டனின் இந்தக் கோள ஓட்டுத் தேற்றங்களைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1995இல் வெளியான தம் கடைசி நூலில் இக்காலக் கணிதத்தில் விரிவாக விளக்கியுள்ளார். நியூட்டனின் ‘பிரின்சிபியா’வைப் பொது வாசகருக்கு அறிமுகப்படுத்தும் நூல் அது.

எடின்பரோவைச் சேர்ந்த ஜான் ராபிசன் 1769இல் நேரடியாக அளந்து பார்த்தார். விலக்கு விசைக்கு அவருக்குக் கிடைத்த அடுக்கு எண் 2.06. அவர் இதை உடனே அச்சிடவில்லை. ஹென்றி கேவன்டிஷ் 1772–73இல் செய்த நுட்பமான சோதனையும் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. ஆகவே 1785இல் கூலூம் பேசத் தொடங்கியபோது, விதியை ஊகித்தவர்கள் இருந்தனர். அளவீட்டால் அதை உறுதியாக நிலைநாட்டியவர் எவரும் இல்லை.

முறுக்குத் தராசு

கூலூமின் கருவி மின்னியலிலிருந்து பிறந்ததன்று; கடற்பயணத் தேவையிலிருந்து பிறந்தது. கப்பலின் திசைகாட்டியை மேம்படுத்தும் வழி குறித்து அறிவியல் கழகம் பரிசுப் போட்டி நடத்தியது. 1777இல் கூலூம் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காந்த ஊசியை முனையில் நிறுத்தினால் உராய்வு தடுக்கிறது. அதை மெல்லிய இழையில் தொங்கவிடலாம் என்பது அவர் யோசனை. அப்போது இழை முறுக்கப்படும்போது எழும் மீள்விசையைக் கணக்கிட வேண்டி வந்தது.

1784இல் உலோகக் கம்பிகளின் முறுக்கம் பற்றிய ஆய்வுரையில் அவர் அதற்கு விதி கண்டார். மீள்விசையின் திருப்புத்திறன் முறுக்கிய கோணத்துக்கு நேர்த்தகவில் இருக்கும். கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். எனவே மிக மெல்லிய கம்பியைக் கொண்டு மிகச் சிறிய விசையையும் கோணமாக மாற்றிப் படிக்கலாம்.

1785இல் அளித்த முதல் மின்னியல் ஆய்வுரையில் விவரித்த தராசின் அமைப்பு வருமாறு. சுமார் 12 அங்குல விட்டமும் அதே உயரமும் கொண்ட கண்ணாடி உருளை. அதன் மேல் 24 அங்குல உயரமுள்ள கண்ணாடிக் குழாய். குழாயின் உச்சியிலிருந்து மெல்லிய வெள்ளிக் கம்பி தொங்கும். கம்பியின் அடியில் கிடையாக ஓர் ஊசி. ஊசியின் ஒரு முனையில் நெட்டி போன்ற தாவரச் சோற்றால் ஆன சிறு உருண்டை. அதே அளவுள்ள இன்னொரு உருண்டை அசையாதபடி அருகில் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம் தந்தால் ஊசி விலகும். உச்சியிலுள்ள திருகைத் திருப்பிக் கம்பியை முறுக்கி, உருண்டைகளை மீண்டும் நெருக்கலாம். எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவு விசை.

உருண்டைகளைத் தாங்கும் பகுதிகள் மின்னைக் கடத்தாதபடி அரக்குப் பூசியோ அரக்கினாலேயோ செய்யப்பட்டன. அரக்கு அந்நாளில் இந்தியாவிலிருந்தும் அதன் கிழக்கேயுள்ள நாடுகளிலிருந்தும் ஐரோப்பாவுக்குச் சென்ற வணிகப் பொருளாகும்.

மூன்று அளவீடுகள்

முதல் ஆய்வுரையில் கூலூம் தந்த அளவீடுகள் மூன்று மட்டுமே.

முதல் அளவீடு: திருகைத் திருப்பாமல் மின்னூட்டியபோது உருண்டைகள் 36 பாகை விலகின. கம்பியின் மொத்த முறுக்கம் 36 பாகை.

இரண்டாம் அளவீடு: திருகை 126 பாகை திருப்பியபோது இடைவெளி 18 பாகையாகக் குறைந்தது. மொத்த முறுக்கம் 126 + 18 = 144 பாகை.

மூன்றாம் அளவீடு: திருகை 567 பாகை திருப்பியபோது இடைவெளி எட்டரைப் பாகை. மொத்த முறுக்கம் 575.5 பாகை.

இடைவெளி 36இலிருந்து 18ஆகப் பாதியானபோது விசை 36இலிருந்து 144ஆக, சரியாக நான்கு மடங்கானது. மூன்றாவதில் விதிப்படி இடைவெளி 9 பாகையாக இருந்திருக்க வேண்டும். அப்போது முறுக்கம் 576 ஆகியிருக்கும். கிடைத்ததோ எட்டரை. அரைப் பாகை வேறுபாடு.

மூன்று அளவீடுகளையும் அவர் இரண்டே நிமிடங்களில் எடுத்து முடித்ததாகக் கூறுகிறார். அவசரத்துக்குக் காரணம் உண்டு. நேரம் ஆக ஆக மின்னூட்டம் காற்றிலும் தாங்கிகளிலும் கசிந்துகொண்டிருந்தது. அன்றைய நாளில் கசிவு குறைவு என்பதால் அந்த இரண்டு நிமிடக் கசிவைப் புறக்கணிக்கலாம் என அவர் கொண்டார்.

கவர்ச்சி விசையும் ஊசலும்

எதிர்வகை மின்னூட்டங்களின் கவர்ச்சியை இத்தராசில் அளப்பது கடினம். உருண்டைகள் நெருங்க நெருங்க விசை வேகமாகக் கூடுவதால் ஊசி நிலைகொள்ளாமல் ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே இரண்டாம் ஆய்வுரையில் கூலூம் வேறு முறையைக் கையாண்டார். சுமார் ஓரடி விட்டமுள்ள மின்னூட்டிய கோளத்தின் எதிரே, அரக்கு ஊசி ஒன்றைப் பட்டிழையில் தொங்கவிட்டார். ஊசியின் முனையில் சிறிய பொன்தாள் வட்டு. ஊசியைச் சற்று விலக்கி விட்டால் அது ஊசல்போல் அலையும். விசை வலுவானால் அலைவு விரைவாகும். விதி சரியானால் அலைவு நேரம் தொலைவுக்கு நேர்த்தகவில் இருக்க வேண்டும்.

கோளத்தின் மையத்திலிருந்து 9, 18, 24 அங்குலத் தொலைவுகளில் 15 அலைவுகளுக்கு ஆன நேரம் முறையே 20, 41, 60 நொடிகள். விதிப்படி எதிர்பார்த்தவை 20, 40, 54. கடைசி அளவீட்டில் வேறுபாடு 6 நொடிகள். சோதனை முழுவதும் ஏறத்தாழ 4 நிமிடம் நீடித்தது. கோளம் நிமிடத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு மின்னூட்டத்தை இழந்தது. ஆக மொத்த இழப்பு பத்தில் ஒரு பங்கு. இதைக் கணக்கில் எடுத்தால் 60 என்பது சுமார் 57 ஆகிறது. வேறுபாடு பாதியாகக் குறைந்தது.

தமக்கு ஒவ்வாத எண்ணை மறைக்காமல் வெளியிட்டு, பிழையின் காரணத்தையும் அளந்து காட்டியது இவ்வாய்வின் சிறப்பாகும்.

ஈரக்காற்றும் கசிவும்

மூன்றாம் ஆய்வுரை முழுவதும் இந்தக் கசிவைப் பற்றியதே. ஒரே நாளில், ஒரே காற்றில், ஒரு நிமிடத்தில் இழக்கும் மின்னூட்டம் அப்போது எஞ்சியுள்ள மின்னூட்டத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் எனக் கூலூம் கண்டார். ஈரம் மிகுந்த நாள்களில் இழப்பு விரைந்தது. தாங்கியின் பொருளும் நீளமும் இழப்பை மாற்றின. பட்டு நூலைவிட அரக்கு மிக நன்றாகக் காத்தது.

காற்றிலுள்ள ஈரமே நேராக மின்னூட்டத்தைக் கொண்டுபோகிறது என்று அக்காலத்தில் கருதினர். இன்றைய விளக்கம் சற்று மாறுபட்டது. ஈரக்காற்று தானே நல்ல கடத்தி அன்று. கண்ணாடி, நெகிழி, நூல் போன்ற காப்பிகளின் பரப்பில் ஈரம் மிக மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது. தூசியும் உப்பும் அதில் கரைந்து கடத்தும் பாதையாகிவிடுகிறது. மின்னூட்டம் அதன் வழியே நழுவுகிறது.

புதுச்சேரியில் ஆண்டின் பெரும்பகுதியும் கடற்காற்றில் ஈரமும் உப்பும் மிகுந்திருக்கும்; வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேட்கவே வேண்டாம். சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுக்கும் எளிய சோதனைகூட அந்நாள்களில் வகுப்பறையில் பொய்த்துப்போகும். விதி தவறாகிவிட்டதென மாணவர் எண்ணக்கூடாது. மின்னூட்டம் சேர்வதற்குள் கசிந்துவிடுவதே காரணம். கண்ணாடித் தண்டு, பட்டுத் துணி, தாங்கிகள் ஆகியவற்றைத் துடைத்து வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்திக்கொண்டு உடனே சோதனை செய்தால் பலன் கிடைக்கும். குளிரூட்டிய அறையில் காற்றின் ஈரம் குறைவதால் அங்கும் சோதனை நன்கு அமையும்.

மின்னூட்டத்தைப் பாதியாக்குதல்

கூலூமின் முதல் ஆய்வுரை கூறும் அடிப்படை விதியில் தொலைவு மட்டுமே இடம்பெறுகிறது. விசை மின்னூட்டங்களின் பெருக்கற்பலனைச் சார்ந்தது என்ற பகுதியை அவர் இரண்டாம் ஆய்வுரையில், நீண்ட நிறுவல் தேவைப்படாத ஒன்றாகவே கூறிச் செல்கிறார்.

மின்னூட்டத்துக்கு அப்போது அலகே இல்லை. ஆயினும் பாதி, கால் என விகிதம் பெற ஒரு வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு கடத்தும் கோளங்களில் ஒன்றுக்கு மட்டும் மின்னூட்டம் தந்து, இரண்டையும் தொடச் செய்து பிரித்தால், ஒவ்வொன்றிலும் சரிபாதி இருக்கும். இப்பங்கீடு கோளம் எந்தப் பொருளால் ஆனது என்பதைச் சார்ந்ததன்று எனக் கூலூம் நான்காம் ஆய்வுரையில் காட்டினார். கடத்தியில் மின்னூட்டம் வெளிப்பரப்பிலேயே தங்கும் என்பதையும் அதே உரையில் நிறுவினார்.

ஐயங்களும் மறுசோதனைகளும்

கூலூமின் முடிவைப் பிரான்சில் விரைவில் ஏற்றனர். 1810களில் புவாசோன் அதை அடிப்படையாகக் கொண்டு கணிதக் கோட்பாட்டை எழுப்பினார். பிற நாடுகளில் தயக்கம் இருந்தது. இங்கிலாந்தின் வில்லியம் சுனோ ஹாரிஸ் 1830களில் செய்த அளவீடுகள் சில நிலைகளில் விதிக்குப் பொருந்தவில்லை. அவர் பயன்படுத்திய பொருள்கள் பெரியவை, நெருக்கமானவை; அவற்றின் மேல் மின்னூட்டம் இடம் மாறுவதைக் கணக்கிட்டால் முரண்பாடு மறையும் என 1845இல் வில்லியம் தாம்சன் விளக்கினார். இவரே பின்னாளில் கெல்வின் பிரபு.

அண்மைக் காலத்திலும் விவாதம் எழுந்தது. செருமனியின் பீட்டர் ஹீரிங் கூலூமின் தராசைப் போலவே ஒன்றைச் செய்து அளந்து பார்த்தார். 1992இல் வெளியிட்ட ஆய்வில், கூலூம் தந்த எண்களைப் பெற இயலவில்லை என்றார். சோதனை செய்பவரின் உடலில் சேரும் மின்னூட்டமே ஊசியைக் கலைத்துவிடுகிறது என அவர் கண்டார். மூன்றே அளவீடுகளை வெளியிட்ட கூலூம், விதியை முன்பே முடிவு செய்துவிட்டாரோ என்ற கேள்வி எழுந்தது. ஆல்பர்ட்டோ மார்ட்டினெசு, கூலூமின் விவரிப்பை இன்னும் நெருக்கமாகப் பின்பற்றிச் செய்த சோதனையை 2006இல் வெளியிட்டார். அவருக்குக் கூலூமின் எண்களை ஒத்த அளவீடுகள் கிடைத்தன. ஆக, அந்த எண்கள் கிடைக்கக்கூடியவையே. ஆனால் எளிதில் கிடைப்பவை அல்ல.

‘இரண்டு’ என்பது எவ்வளவு சரி?

தொலைவின் அடுக்கு எண் சரியாக 2தானா, அல்லது 2.01 போன்ற ஒன்றா? விசையை நேராக அளக்கும் முறை இதற்குத் துல்லியமான விடை தராது. பிரீஸ்ட்லி காட்டிய வழியே உதவியது.

கேவன்டிஷ் 12.1 அங்குல விட்டமுள்ள கோளத்தை, 13.3 அங்குல விட்டமுள்ள வெளிக்கோளத்துக்குள் வைத்தார். இரண்டையும் கம்பியால் இணைத்து மின்னூட்டிப் பிறகு கம்பியை நீக்கி, வெளிக்கோளத்தைத் திறந்தார். உட்கோளத்தில் மின்னூட்டம் எதுவும் தென்படவில்லை. தம் கருவியின் நுட்பத்தைக் கணக்கிட்டு, அடுக்கு எண் 2இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாது என முடிவு கண்டார். கசிவைப் பற்றிய கவலை இதில் குறைவு. ஒரு விசையின் அளவைக் காண்பதற்குப் பதிலாக ‘ஏதாவது இருக்கிறதா’ என்று மட்டும் பார்க்கும் சோதனை இது.

கேவன்டிஷின் குறிப்புகளை மேக்சுவெல் 1879இல் பதிப்பித்தார். அதே சோதனையை மேம்படுத்திச் செய்ததில் வேறுபாட்டின் எல்லை 21,600இல் ஒரு பங்காகச் சுருங்கியது. 1936இல் பிளிம்டன், லாட்டன் ஆகியோர் அதை நூறு கோடியில் 2 பங்காக்கினர். 1971இல் வில்லியம்சு, ஃபாலர், ஹில் ஆகியோரின் சோதனையில் வேறுபாடு (2.7 ± 3.1) × 10⁻¹⁶ எனக் கிடைத்தது. பிழை எல்லைக்குள் இது சுழியே.

இந்த எண் வெறும் கணக்குத் துல்லியம் அன்று. ஒளித்துகளுக்கு நிறை இருந்தால் மின்விசை இருமடி எதிர்த்தகவிலிருந்து விலகியாக வேண்டும். எனவே 1971ஆம் ஆண்டுச் சோதனை, ஒளித்துகளுக்கு நிறை இருந்தாலும் அது 1.6 × 10⁻⁴⁷ கிராமுக்கு மேற்படாது எனவும் காட்டியது.

பிற்காலமும் பெயரும்

1793இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அறிவியல் கழகத்தைக் கலைத்தது. அதே ஆண்டு புதுச்சேரி மீண்டும் ஆங்கிலேயர் வசமானது. கூலூம் பாரிசை விட்டு நீங்கி புளுவா நகரருகே வாழ்ந்தார். மறு ஆண்டு, அவர் எட்டாண்டுகள் உழைத்த மார்த்தினிக் கோட்டையும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1795இல் புதிய அறிவியல் நிறுவனம் தோன்றியபோது அவர் உறுப்பினரானார். 1806 ஆகத்து 23ஆம் நாள் பாரிசில் காலமானார்.

1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்னூட்டத்தின் அலகுக்குக் கூலூம் எனப் பெயரிட்டது. ஐபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. 2019 முதல், ஒரு புரோட்டானின் மின்னூட்டம் சரியாக 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என வரையறுத்து அதன் வழியே இவ்வலகு நிலைநிறுத்தப்பட்டுள்ளது.

கட்டிய கோட்டையும் காக்க வேண்டிய குடியேற்றங்களும் கைமாறிக்கொண்டே இருந்தன. இரண்டு நிமிடத்தில், மின்னூட்டம் கசிவதற்குள் எடுத்து முடித்த மூன்று அளவீடுகள் சுட்டிய விதி, இரு நூற்றாண்டுச் சோதனைகளுக்குப் பின்னும் மாறவில்லை.